அம்மாவின் காலில் உள்ள தகட்டை உடம்பு ‘ஏற்கவில்லை’ என்பது சரியா?

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 54 வயதான அவருடைய அம்மா, மழை நாளொன்றில் கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியசாலையில் தகடும் ஆணிகளும் வைத்துப் பொருத்தினார்கள். பதினான்கு மாதங்கள் சென்றுவிட்டன. அம்மா ஊன்றி நடக்கிறார். ஆனால் இரண்டு மாதங்களாகத் தழும்பின் கீழ்முனையில் பரு போல ஒன்று எழுந்து, உடைந்து, சிறிது சீழ் கசிந்து, காய்ந்து, மறுபடியும் எழுகிறது. லயத்தில் உள்ளவர்கள் “உடம்பு இரும்ப ஏத்துக்கல்ல, அதான் வெளிய தள்ளுது” என்கிறார்கள். அடுத்த லயத்தில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பதால் அம்மாவுக்கும் அது தேவையா, அல்லது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கசாயம் கொடுக்க வேண்டுமா, கவரிங் தோடு போட்டால் அம்மாவின் காது புண்ணாவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா, தகடு தேய்ந்து உடம்பில் கலக்குமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

மற்றவற்றை வாசிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தகடு வைத்த இடத்தின் தழும்பில் துளை விழுந்து சீழ் கசிவதை, தகட்டிலும் எலும்பிலும் கிருமி குடிகொண்டிருப்பதன் அடையாளமாகவே எலும்பு முறிவுச் சிகிச்சையில் கொள்கிறார்கள். அவ்வாறு இல்லை என்று சோதித்து நிறுவும் வரை அந்த முடிவை யாரும் கைவிடுவதில்லை. ஆகவே அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல், இந்த வாரத்துக்குள் அம்மாவை எலும்பு முறிவுக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து வீங்கினாலோ, ஊன்ற முடியாத வலி தொடங்கினாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான் சத்திரசிகிச்சை செய்பவன் அல்லன். அவர்கள் வெட்டி அனுப்பும் இழையத்தை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து அறிக்கை எழுதும் நோயியல் நிபுணன். தகடு, ஆணி, செயற்கை மூட்டு, குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த இழையங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: “ஏத்துக்கல்ல” என்ற சொல்லே இங்கே ஆபத்தானது. அது ஒரு கிருமித் தொற்றைக் கைரேகைப் பலன் போல ஆக்கிவிடுகிறது. உடம்பின் குணம் அப்படி, தகடு தானாக வெளியே வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். உண்மையில் எந்த மனிதருடைய உடம்பும் தகட்டை முழுமையாக ஏற்பதுமில்லை, தகடு தன் குற்றத்தால் மட்டும் சீழ் பிடிப்பதுமில்லை.

தகட்டைச் சுற்றி நடப்பதை விளக்க ஒரு முள்ளிலிருந்து தொடங்குவது வசதி. 1882ஆம் ஆண்டு, சிசிலித் தீவின் மெசினா நகரில் கடற்கரையோரமாகத் தங்கியிருந்த ருஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குடம்பிகளின் தோலுக்கடியில் ரோஜா முட்களைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, அங்குமிங்கும் அலையும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைச் சிராய் கையில் ஏறினால் மறுநாள் அந்த இடம் சிவந்து கனக்கிறதே, அதே வேலைதான். விழுங்கிக் கலங்கள் என்று இன்று நாம் அழைப்பவற்றைப் பற்றிய அறிவு அந்த முள்ளிலிருந்துதான் வளர்ந்தது; 1908ஆம் ஆண்டு நோபல் பரிசும் அந்த வழியில் அவருக்குக் கிடைத்தது. நிர்ப்பீடனக் கலங்களின், அதாவது நோயை எதிர்க்கும் கலங்களின், கதை கிருமியில் தொடங்காமல் உடம்புக்குள் புகுந்த ஒரு அந்நியப் பொருளில் தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அம்மாவின் காலிலும் இதுவே நடந்தது. தகடு உள்ளே போன சில விநாடிகளிலேயே இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் படிந்துவிட்டன. ஆதலால் எந்தக் கலமும் இரும்பை நேரில் தொடுவதில்லை; இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, தம் இயல்பான மடிப்புக் குலைந்துபோன புரதங்களையே தொடுகிறது. அவற்றுள் பைபிரினோஜன் என்பது இரத்தம் உறைவதற்கு உதவும் புரதம். மடிப்புக் குலையும்போது, சாதாரணமாக உள்ளே மறைந்திருக்கும் அதன் பகுதியொன்று வெளியே தெரிகிறது. விழுங்கிக் கலங்களின் மேற்பரப்பில் உள்ள கொக்கி போன்ற மூலக்கூறுகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. அந்தக் கலங்களின் கணக்கில் தகடு என்பது இரும்பும் அல்ல, எதிரியும் அல்ல. மூடாமல் கிடக்கும் ஒரு காயம். இதை விளங்கிக்கொண்டால் பின்னர் வருவதெல்லாம் இயல்பாகத் தோன்றும்.

முதலில் வருபவை நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்கள். அவை ஓரிரு நாள்களில் தம் வேலையை முடித்து மடிகின்றன. அடுத்து, இரத்தத்தில் மொனோசைற்று என்ற பெயரில் சுற்றும் கலங்கள் இழையத்துக்குள் இறங்கி, மேக்ரோபேஜ் என்ற பெருவிழுங்கிகளாக மாறுகின்றன. நான் அறிந்த கலங்களுள் இவைதான் சலிப்பில்லாமல் உழைப்பவை. செத்த கலம், உறைந்த இரத்தம், எலும்புத் தூள் என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன. ஆனால் தகட்டின் முன்னால் அவை திகைத்து நிற்கின்றன. பெருவிழுங்கி ஒன்றின் அகலம் ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர். தகட்டின் நீளம் பத்து சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் ஐயாயிரம் மடங்கு. ஐந்தடி உயரமுள்ள ஒருவர், பீதுருதாலகால மலையின் 2,524 மீற்றர் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளமான ஒன்றை விழுங்க வாய் திறப்பதற்கு அது ஒப்பாகும்.

விழுங்க முடியாத நிலையில் அவை இரண்டு காரியங்களைச் செய்கின்றன. தகட்டின்மேல் தட்டையாகப் பரந்து ஒட்டிக்கொண்டு, விழுங்கிய பொருளைக் கரைப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் அமிலத்தையும் நொதியங்களையும், தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் சேர்வைகளையும் வெளியே கக்குகின்றன. இன்னொரு பக்கம், இன்டர்லியூக்கின்-4 போன்ற சமிக்ஞைப் புரதங்களின் தூண்டுதலால் பல பெருவிழுங்கிகள் ஒன்றோடொன்று கலந்து, பத்துக்கணக்கான கருக்களைக் கொண்ட ஒரே இராட்சதக் கலமாக ஆகிவிடுகின்றன. நுணுக்குக்காட்டியில் இவற்றைப் பார்க்கும் மாணவர்கள் முதல் தடவை புற்றுநோயோ என்று பயப்படுவார்கள்; அவை பேராசையின் விளைவேயன்றி வேறொன்றுமில்லை.

நாள்கள் செல்லச் செல்லப் பெருவிழுங்கிகளின் பேச்சு மாறுகிறது. “வாருங்கள், தாக்குங்கள்” என்று அழைத்துக்கொண்டிருந்தவை, நார்க் கலங்களை வரவழைத்துக் கொலாஜன் நெய்யச் சொல்லும் சமிக்ஞைகளை வெளியிடத் தொடங்குகின்றன. சில வாரங்களுக்குள் தகட்டைச் சுற்றி மெல்லிய நார் உறையொன்று உருவாகிவிடுகிறது. அதன் பருமன் பெரும்பாலும் 50 முதல் 200 மைக்ரோமீற்றர். ஒன்றிரண்டு தலைமுடிகளின் பருமன் என்று கொள்ளலாம். பழைய தகடொன்றை எடுத்துவிட்டு அந்த உறையை எனக்கு அனுப்பும்போது, அது பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்: இளஞ்சிவப்பு நார்கள், ஆங்காங்கே ஓர் இராட்சதக் கலம், உலோகத்தின் சில கறுப்புப் புள்ளிகள். போர்க்களம் போல் இராது, வேலி அடைத்து முடித்த காணி போல் இருக்கும். உடம்பு தகட்டைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே தள்ளவும் இல்லை. சுவர் கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கிறது. எல்லோருடைய உடம்பும் இதைத்தான் செய்கிறது.

உங்கள் அயலவரின் சிறுநீரகம் வேறு வகையான விவகாரம். அது உயிருள்ள இழையம். அதன் ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் அதைத் தந்தவரின் அடையாளச் சீட்டுப் போன்ற புரதங்கள் இருக்கின்றன. ரீ கலங்கள் என்ற நிணநீர்க் கலங்கள் அந்தச் சீட்டை வாசித்து, “இது நம்முடையதல்ல” என்று முடிவு செய்து தாக்குகின்றன. ஒருமுறை வாசித்ததை நினைவிலும் வைத்திருக்கின்றன. 1954ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றிபெற்ற சிறுநீரக மாற்றீடு ஒத்த இரட்டையருக்கிடையே செய்யப்பட்டது. சீட்டு இரண்டும் ஒன்றாக இருந்ததால் சிறுநீரகம் தாக்கப்படவில்லை. ஆனால் அதே இரட்டையர் இருவருக்கும் ஆளுக்கொரு உலோகத் தகடு வைத்திருந்தால், இருவருடைய உடம்பும் தவறாமல் உறை கட்டியிருக்கும். உலோகத்துக்கு அடையாளச் சீட்டு இல்லை. வாசிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ரீ கலங்களுக்கும் பெரிய வேலை இல்லை. ஆகவே அயலவரின் மாத்திரை அம்மாவுக்குத் தேவையே இல்லை என்பதோடு, சீழ் கசியும் இந்த நேரத்தில் அது மிகுந்த தீங்கு செய்யும். நல்லெண்ணத்தில் ஒன்றிரண்டு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

இனிச் சீழுக்கு வருகிறேன். உறை கட்டி அமைதியாக இருந்த இடத்தில் பதினான்கு மாதங்களுக்குப் பின் ஏன் சீழ்? சத்திரசிகிச்சையின் போதோ, காயம் ஆறிய முதல் நாள்களிலோ புகுந்த கிருமி மாதக்கணக்கில் ஓசையில்லாமல் தங்கியிருக்கக்கூடும். பின்னாளில் உடம்பின் வேறிடத்துப் புண்ணிலிருந்து இரத்தத்தின் வழியாகவும் வந்திருக்கக்கூடும். எந்த வழியாக வந்தாலும், வெறும் சதையில் பிழைக்க முடியாத அளவு சொற்பமான கிருமி, அந்நியப் பொருளின் அருகில் பிழைத்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டு எலெக், கொனன் என்ற இரு ஆய்வாளர்கள் தொண்டர்களின் தோலில் இதைச் சோதித்தார்கள். ஸ்ரெபிலோகொக்கஸ் பற்றீரியா கட்டியை உண்டாக்குவதற்குப் பல இலட்சக்கணக்கில் தேவைப்பட்டது. ஆனால் அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது, சில நூறு போதுமாக இருந்தது. ஒரு நூலுக்கே அந்த வேறுபாடு.

இதற்குக் காரணம் முன்னர் சொன்ன விழுங்கிக் கலங்களின் திகைப்புத்தான். தகட்டோடு மல்லுக்கட்டி, தம்மிடமிருந்த தாக்குதல் சேர்வைகளையெல்லாம் அதன்மேல் வீணாகக் கொட்டிவிட்ட நியூட்ரோபில்கள், உண்மையான கிருமி வரும்போது அதைக் கொல்லும் வலுவின்றி நிற்கின்றன. அந்த இடைவெளியில் பற்றீரியாக்கள் தகட்டின்மேல் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து, அதற்குள் குடியேறிவிடுகின்றன. மழைக்காலத்தில் நம் பீலித் தண்ணீர் விழும் கல்லில் வழுக்கும் பாசிப் படலம் படிகிறதல்லவா, கையால் நீரை அள்ளி எறிந்தால் அது போவதில்லை, அப்படித்தான் இதுவும். படலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவைக் கொல்ல, சாதாரண நிலையில் தேவைப்படுவதைவிடப் பல நூறு மடங்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படலாம். பெருவிழுங்கிகளும் அதை விழுங்க முடியாமல் வெளியே நின்று மேலும் மேலும் ஆள் சேர்க்கின்றன. சேர்ந்து மடிந்த கலங்களே சீழ். அது தோல்வரை ஒரு வழி குடைந்து வெளியேறுகிறது. உள்ளே உற்பத்தி நிற்காததால் துளை காய்வதும் திறப்பதுமாக இருக்கிறது. ஆகவே லயத்தில் உள்ளவர்கள் கண்டது பொய்யல்ல: உடம்பு ஒன்றை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. அது தகடு அல்ல, கிருமியோடு மோதி மடிந்த தன் கலங்கள்.

இதனால்தான் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, பாமசியில் நீங்களாகவே நுண்ணுயிர்க்கொல்லி வாங்கிக் கொடுக்காதீர்கள். சீழ் சில நாள்களுக்கு நிற்கும், படலம் நிற்காது, பின்னர் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது கிருமி வளராமல் ஆய்வுகூடம் ஏமாந்துபோகும். ஏற்கனவே கொடுத்திருந்தால் பெயரையும், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் துளையை அடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி வைத்திருந்தால் போதும்.

வைத்தியர்கள் என்ன செய்வார்கள் என்று நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. ஆயினும் அவர்களுடைய யோசனையின் போக்கைச் சொல்லலாம். எலும்பு முழுதாகப் பொருந்தியிருக்கிறதா என்பதே முதற் கேள்வி. பொருந்தியிருந்தால் தகட்டின் வேலை முடிந்தது. அதை எடுத்து, செத்த இழையத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதற்குரிய நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பார்கள். பொருந்தாமல் இருந்தால், அசையும் எலும்பில் தொற்று இன்னும் மோசமாகும் என்பதால், உறுதியாக இருக்கும் தகட்டைச் சில காலம் வைத்திருக்கவும் கூடும், அல்லது காலுக்கு வெளியே சட்டம் பூட்டவும் கூடும். துளையின் வாயில் பஞ்சு தொட்டு எடுக்கும் மாதிரியை நம்பி முடிவெடுப்பதில்லை. தோலிலுள்ள கிருமிகளும் அதில் கலந்துவிடும். சத்திரசிகிச்சை அறையில் ஆழத்திலிருந்து பல இடங்களில் துண்டுகள் எடுத்து, சிலவற்றைக் கிருமி வளர்ப்புக்கும் சிலவற்றை என்னைப் போன்றவர்களுக்கும் அனுப்புவார்கள். நாங்கள் நியூட்ரோபில்களை எண்ணுவோம். பழைய முறிவின் ஆழத்து இழையத்தில், உயர் பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்துக்கு ஐந்துக்கு மேல் திரும்பத் திரும்பக் கண்டால் தொற்று இருக்கிறது என்று எழுதுவோம். பெருவிழுங்கிகளும் இராட்சதக் கலங்களும் எத்தனை இருந்தாலும் அவை பொருளைப் பற்றிய செய்தி. நியூட்ரோபில்கள் கிருமியைப் பற்றிய செய்தி. ஒரே சீவலில் இரண்டும் கலந்து கிடக்கும்போது பிரித்து வாசிப்பதுதான் எங்கள் தொழில்.

தகடு தேய்ந்து கலக்குமா என்ற கேள்வி நல்ல கேள்வி. முறிவுக்கு வைக்கும் தகட்டில் ஒன்றன்மேலொன்று உரசும் பரப்புகள் மிகக் குறைவு. ஆணித் தலைகளின் கீழே சிறிதளவு உலோகத் துகள் உதிர்வதுண்டு, அதைத்தான் கறுப்புப் புள்ளிகளாக நான் பார்க்கிறேன். பெரும்பாலும் அது தொல்லை தருவதில்லை. செயற்கை இடுப்பு மூட்டில்தான் இது பெரும் பிரச்சினையாயிற்று. இங்கிலாந்தின் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி, முதலில் தெப்லோன் என்ற பிளாஸ்டிக்கால் மூட்டுக் கிண்ணங்களைச் செய்து பொருத்தினார். கட்டியாக இருந்தவரை உடம்பு தெப்லோனைப் பொருட்படுத்தவில்லை. தேய்ந்து துகளானதும் மூட்டைச் சுற்றி இழையம் பெருகி எலும்பு அரிக்கத் தொடங்கியது. காரணத்தை அறிய அவர் அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, அங்கே கட்டி எழுவதைப் பார்த்தார். 1962இல் பொலித்தீன் வகையொன்றுக்கு மாறினார். அதுவும் தேயத்தான் செய்தது, ஆனால் மிக மெதுவாக. விழுங்க முடியாத பெரிய பொருளின் முன் திகைத்து அடங்கும் பெருவிழுங்கி, விழுங்கக்கூடிய தூளைக் கண்டால் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. செரிக்க முடியாமல் கூச்சலிடுகிறது. அந்தக் கூச்சலைக் கேட்டு, எலும்பைக் கரைக்கும் கலங்கள் விழித்துக்கொள்கின்றன. முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் அந்தப் பொலித்தீன் தூள்கள் பெருவிழுங்கிகளின் வயிற்றுக்குள் நட்சத்திரம் போல மின்னும். அழகான காட்சி, நோயாளிக்கு நல்லதல்ல. அம்மாவுக்கு இருப்பது மூட்டு அல்ல, தகடு. இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

காது புண்ணாவது பற்றி எழுதியிருந்தீர்கள். அதை அற்ப விஷயம் என்று தள்ளவில்லை. கவரிங் நகைகளில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். வியர்வையில் கரையும் நிக்கல் அயன்கள் தோலிலுள்ள புரதங்களோடு ஒட்டி அவற்றின் உருவை மாற்றிவிட, ரீ கலங்கள் அதை அந்நியச் சீட்டு என்று வாசித்து அரிப்பையும் புண்ணையும் உண்டாக்குகின்றன. உலோகத்துக்குச் சீட்டு இல்லை என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. முறிவுத் தகடுகள் பல, கறையில் உருக்கால் ஆனவை. அதிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நிக்கல் உண்டு. ஆனால் அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமிய ஒட்சைட்டுப் படலம் நிக்கலை வெளியே விடாமல் பெருமளவு அடக்கி வைக்கிறது. தோடு ஒத்துக்கொள்ளாதவர்களில் மிகப் பெரும்பாலானோர் உருக்குத் தகட்டோடு தொல்லையின்றி இருக்கிறார்கள். அரிதாகத் தகட்டுக்கு மேலுள்ள தோலில் அரிப்பும் படையும் வரும், சீழ் வராது. இருந்தாலும் இதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறுபடியும் தகடோ ஆணியோ வைக்க நேர்ந்தால் தைட்டேனியத்தால் ஆனதைத் தெரிவு செய்ய அவர்கள் யோசிக்கக்கூடும்.

கசாயம் பற்றி: கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீரை இந்தக் குளிருக்கு அம்மா தாராளமாகக் குடிக்கட்டும். அது தகட்டிலுள்ள படலத்தை ஒன்றும் செய்யாது. சீழ் வருவது அம்மாவிடம் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பதால் அல்ல. இருக்கும் சக்தி எட்ட முடியாத இடத்தில் கிருமி இருப்பதால் வருகிறது. கூட்ட வேண்டியது சக்தியை அல்ல, பார்க்க வேண்டியது சீனியை: இரத்தத்தில் குளுக்கோஸ் கட்டுப்பாடின்றி இருந்தால் நியூட்ரோபில்கள் ஓடவும் விழுங்கவும் தடுமாறும். அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சோதித்திராவிட்டால் இந்த முறை சோதித்துவிடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவராயின் அதை நிறுத்துவதும் நல்லது. புகையிலையின் நிக்கொட்டின் நுண் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆறுதலைத் தாமதப்படுத்தும்.

கிளினிக்குக்குப் போகும்போது நோய் விவர அட்டை, சத்திரசிகிச்சை செய்த திகதி எழுதிய துண்டு, முதல் எக்ஸ்ரேயும் கடைசி எக்ஸ்ரேயும் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சீழ் முதலில் கசிந்த நாள், நின்ற நாள், மீண்டும் கசிந்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். “இரும்பு ஏத்துக்கல்ல” என்று தொடங்காமல், “இரண்டு மாதமாகத் தழும்பில் துளை விழுந்து சீழ் வருகிறது” என்று வாசலிலேயே தாதியிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்துக்கு வரிசையில் முன்னுரிமை கிடைக்கக்கூடும்.